குளச்சலுக்குப் பின் பன்னிரண்டு ஆண்டுகள்: நடந்துகொண்டிருக்கும் போரை எதைக்கொண்டு அளப்பது?

ஆண்டுதோறும் ஜூலை இறுதியில் குளச்சல் போரைப் பற்றிய நினைவுப் பதிவுகள் வரத் தொடங்கிவிடும். அவற்றுள் பெரும்பாலானவை ஏறத்தாழ ஒரே வாக்கியத்தைச் சொல்கின்றன: 1741-இல் மார்த்தாண்ட வர்மா டச்சுக்காரரைக் குளச்சலில் வென்றார், அன்றோடு இந்தியாவில் டச்சு ஆதிக்கம் முடிந்தது. முதற்பாதியில் எனக்கு ஐயமில்லை. இரண்டாம் பாதி, எல்லாம் முடிந்தபின் பின்னோக்கிப் பார்ப்பவர்கள் எழுதும் வாக்கியம். அந்தப் போர் 1739-இல் மூண்டது. 1753 ஆகஸ்ட் 15 அன்று மாவேலிக்கரை உடன்படிக்கையில்தான் அடங்கியது. குளச்சல் வெற்றி போரின் மூன்றாம் ஆண்டில் கிடைத்தது. அதன் பிறகு முழுதாகப் பன்னிரண்டு ஆண்டுகள் போர் இழுத்துக்கொண்டே போனது. அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் வாழ்ந்தவர்களுக்கு முடிவு தெரியாது. அவர்கள் தங்கள் போரை எப்படி மதிப்பிட்டார்கள், எதைப் பார்த்து மதிப்பிட்டார்கள், யாருடைய கணிப்பு பொய்த்தது என்பதே இப்பதிவின் பொருள்.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. உக்ரைன் போர் தொடங்கிய 2022 பிப்ரவரி முதல், மாணவ நண்பர்கள் பலரும் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றே: “யார் ஜெயிக்கிறார்கள்?” கேட்டுவிட்டுக் கைப்பேசியில் ஒரு வரைபடத்தைக் காட்டுவார்கள். அதில் ஒரு நிறம் சற்று நகர்ந்திருக்கும். நகர்ந்த நிறத்தின் பக்கமே வெற்றி என்று அவர்கள் முடிவு செய்துவிட்டார்கள் என்பது முகத்திலேயே தெரியும். அந்தப் போரைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஆனால் வரைபடத்தை மட்டும் பார்த்துப் போரை அளப்பது எவ்வளவு பெரிய பிழையில் கொண்டுபோய் விடும் என்பதைக் காட்ட, நான் பிறந்த காஞ்சிரங்குளத்திலிருந்து நேர்கோட்டில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தென்கிழக்கே நடந்த ஒரு போர் போதும்.

முதலில் போருக்கு முந்தைய நிலை. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1663-இல் போர்த்துக்கீசியரிடமிருந்து கொச்சியைக் கைப்பற்றியது. அன்றிலிருந்து மலபார் கடற்கரையின் சிற்றரசுகள் ஒவ்வொன்றோடும் தனித்தனியே மிளகு உடன்படிக்கை செய்துகொண்டது. சந்தை விலைக்குக் குறைந்த விலையில், தனக்கு மட்டுமே மிளகு தரவேண்டும் என்பதே அவ்வுடன்படிக்கைகளின் சாரம். ஒரு சிற்றரசர் இணங்க மறுத்தால் பக்கத்துச் சிற்றரசரைத் தூக்கிவிடலாம். ஆகவே, நாடுகள் பலவாகவும் சிறியனவாகவும் இருப்பதே கம்பெனியின் நலன். இந்த அமைப்பை உடைக்கத் தொடங்கியவர் 1729-இல் வேணாட்டின் அரசரான அனிழம் திருநாள் மார்த்தாண்ட வர்மா. இளவரசராக இருந்தபோது நெய்யாற்றின்கரையே அவருக்குரிய இடம். எட்டுவீட்டுப் பிள்ளைமாருக்கு அஞ்சி அவர் ஒளிந்திருந்ததாகச் சொல்லப்படும் அம்மச்சிப் பிலாவு நெய்யாற்றின்கரைக் கிருஷ்ணன் கோயில் வளாகத்தில் இருப்பதை இப்பகுதி மக்கள் அறிவார்கள். அவர் வடக்கே கொல்லம், காயங்குளம், கொட்டாரக்கரை என்று கைநீட்டியபோது கம்பெனியின் மிளகுக் கணக்கில் துண்டு விழத் தொடங்கியது.

1739-இன் தொடக்கத்தில் இலங்கையின் டச்சு ஆளுநர் குஸ்தாவ் வில்லம் வான் இம்ஹோஃப் நிலைமையை ஆராயக் கொச்சிக்கு வந்தார். அவருடைய மதிப்பீடு தெளிவாக இருந்தது: வேணாடு வளர்ந்துகொண்டே போனால் மிளகு வணிகம் கையை விட்டுப் போய்விடும், பேச்சுவார்த்தை பயன் தராது, படைபலமே வழி. இந்த மதிப்பீட்டின் முற்பகுதியில் ஒரு குறையும் இல்லை. நோயை அவர் சரியாகவே கண்டறிந்தார். மருந்தின் அளவைத்தான் தவறாகக் கணித்தார்.

மார்த்தாண்ட வர்மாவோடு அவர் நேரில் பேசியபோது நடந்ததாக ஓர் உரையாடலை பிற்கால நூல்கள் சொல்கின்றன. படையெடுப்போம் என்று இம்ஹோஃப் மிரட்ட, தம் மீனவர்களையும் தோணிகளையும் கொண்டு ஒருநாள் ஐரோப்பாவின் மீதே படையெடுப்பேன் என்று அரசர் ஏளனமாகப் பதில் சொன்னாராம். நினைவுப் பதிவுகள் இந்தத் தோணி விடையைத்தான் கொண்டாடுகின்றன. ஆனால் அதே உரையாடலில் அதற்கு முன்பு அவர் சொன்னதாக வரும் மற்றொரு விடை எனக்கு முக்கியமாகப் படுகிறது: தோற்றாலும் என் காடுகளுக்குள் பின்வாங்கிவிடுவேன், அங்கே யாரும் என்னைத் தொடர முடியாது. இந்த உரையாடல் எந்த அளவுக்குச் சொல்லுக்குச் சொல் உண்மை என்பது வேறு விவாதம். ஆனால் அதில் உள்ள கணிப்பு படைத்துறை அறிவுடைய ஒருவருடைய கணிப்பு. கடற்கரையை எதிரி பிடித்தால் போர் முடியாது. போரின் மையம் கடற்கரையில் இல்லை. அந்த மையம் எங்கே இருந்தது என்பதைப் பின்னர் பார்ப்போம்.

1740-இல் இரு தரப்புக்குமே நிலைமை எளிதாக இல்லை. திருவிதாங்கூரின் கிழக்கு வாயிலில் சந்தா சாகிபின் அச்சுறுத்தல் இருந்தது. அவருடைய படைகள் நாஞ்சில் நாட்டுக்குள் இறங்கியதைத் திருவிதாங்கூர் வரலாறுகள் பதிவு செய்துள்ளன. வடக்கே கொட்டாரக்கரையில், இளயிடத்து ஸ்வரூபத்தின் அரசியை மீண்டும் அரியணையில் ஏற்றும் பணியில் டச்சுக்காரர் இறங்கியிருந்தனர். மேற்கே கடல் அவர்களுடையது. ஆக மூன்று திசையிலும் பகை. 1740-ஆம் ஆண்டின் இறுதியில் ஒருவர் கணக்கிட்டிருந்தால், திருவிதாங்கூர் தாங்காது என்றே சொல்லியிருப்பார். அப்படிச் சொன்னவரை நாம் குறை கூறவும் முடியாது.

ஆனால் அந்தக் கணக்கில் வராத இரண்டு நிகழ்ச்சிகள் வெகுதொலைவில் நடந்துகொண்டிருந்தன. ஒன்று, 1741 மார்ச்சில் மராட்டியர் திருச்சிராப்பள்ளியைக் கைப்பற்றிச் சந்தா சாகிபைச் சிறைபிடித்தனர். கிழக்கு வாயிலின் அச்சம் ஒரே நாளில் விலகியது. மற்றொன்று ஜாவாவில் நடந்தது. 1740 அக்டோபரில் பத்தாவியா நகரில் டச்சுக்காரரும் அவர்களைச் சார்ந்தோரும் சீனர்களைப் படுகொலை செய்தனர். கொல்லப்பட்டவர் ஏறத்தாழ 10,000 பேர் என்பது பரவலான மதிப்பீடு. அதன் விளைவாக மூண்ட ஜாவா போர் 1743 வரை நீடித்தது. கம்பெனியின் ஆசியத் தலைநகரமே தீப்பற்றி எரிந்தபோது மலபாருக்கு யார் ஆள் அனுப்புவது? இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. மலபாரில் போர் வேண்டும் என்று வாதாடிய வான் இம்ஹோஃப், பத்தாவியாவில் ஆளுநர் தலைவர் வால்கெனியரோடு மோதி, 1740 டிசம்பரில் கைது செய்யப்பட்டு, கைதியாகவே ஹாலந்துக்கு அனுப்பப்பட்டார். அவர் வகுத்த போர் குளச்சலில் நடந்துகொண்டிருந்த காலத்தில் அவர் கப்பலில் இருந்தார். பின்னர் அவரே ஆளுநர் தலைவராக நியமிக்கப்பட்டு 1743-இல் பத்தாவியா திரும்பியது வேறு கதை.

இனி குளச்சல். இலங்கையிலிருந்து வந்த டச்சுப் படை கரையிறங்கிக் குளச்சலில் அரண் அமைத்தது. கோட்டாறு வரையிலான கரைநாட்டில் அதன் கை ஓங்கியிருந்தது. அவர்கள் இந்த இடத்தைத் தேர்ந்ததில் அறிவில்லை என்று சொல்ல முடியாது. அன்றைய தலைநகரமான பத்மநாபபுரம் குளச்சலிலிருந்து அரை நாள் நடை. கொழும்பிலிருந்து கடல்வழியும் எளிது. அரசரும் பெரும்படையும் வடக்கே இருந்தனர். வரைபடத்தில் பார்த்தால் இதைவிடச் சிறந்த இடம் இல்லை.

வரைபடத்தில் காற்று தெரியாது. ஜூன் மாதம் தென்மேற்குப் பருவமழை இறங்கினால் பூவாற்றிலிருந்து கன்னியாகுமரி வரை இந்தக் கடற்கரையில் பெரிய கப்பல் நங்கூரமிட முடியாது. குளச்சலில் கடலுக்குள் பாறைகள் வேறு. எங்கள் பகுதியின் எந்த மீனவரைக் கேட்டிருந்தாலும் இதைச் சொல்லியிருப்பார். பருவமழைக்கு முன் பத்மநாபபுரத்தைப் பிடிக்காவிட்டால், கரையிறங்கிய படை ஓர் அடைபட்ட படை. கொச்சி 200 கிலோமீட்டருக்கு அப்பால், கொழும்பு கொந்தளிக்கும் கடலுக்கு அப்பால். நடந்தது அதுதான். வடக்கிலிருந்து நெய்யாற்றின்கரை வழியாக அரசரின் படை தெற்கே விரைந்தது. டச்சுப் படை மீண்டும் குளச்சல் அரணுக்குள் ஒடுங்கியது. முற்றுகையின்போது அரணுக்குள் இருந்த வெடிமருந்து தீப்பற்றி, அரிசிக் கிடங்கும் எரிந்துபோனதாகச் சொல்லப்படுகிறது. பசி வந்தது, சரணடைந்தனர். யூஸ்டேஷியஸ் டி லனாய் உள்ளிட்டோர் கைதிகளாயினர்.

முக்குவர் துடுப்புகளைத் தோளில் துப்பாக்கிபோல் ஏந்திக் கடற்கரையில் வரிசையாக நின்று எதிரியை மிரட்டினர் என்றும், மாட்டுவண்டிகளில் பனந்தடிகளை ஏற்றிப் பீரங்கிபோல் காட்டினர் என்றும் கர்ணபரம்பரைக் கதைகள் உண்டு. இவற்றுக்கு ஆவணச் சான்று தேடி நான் நேரத்தை வீணாக்கமாட்டேன். ஆனால் மக்கள் நினைவு எதைப் பிடித்துக்கொண்டது என்பதைக் கவனியுங்கள். எதிரி நம் வலிமையைத் தவறாக எண்ணினான் என்பதே அக்கதைகளின் கரு. கணிப்பில் தோற்றவன் களத்தில் தோற்றான் என்று கதை சொன்னவர்கள் எண்ணியிருக்கிறார்கள். ஆவணங்களும் அதற்கு மாறாகச் சொல்லவில்லை.

நாள் பற்றி ஒரு குறிப்பு, ஏனென்றால் பின்னூட்டத்தில் யாராவது கேட்பார்கள். சில நூல்கள் 1741 ஆகஸ்ட் 10 என்கின்றன, வேறு சில ஜூலை 31 என்கின்றன. மெட்ராஸ் ரெஜிமெண்டின் 9-ஆம் பட்டாலியன் குளச்சல் நாளை ஜூலை 31-இல் கொண்டாடுகிறது. டச்சுக்காரர் கிரிகோரிய நாட்காட்டியையும், ஆங்கிலேயர் 1752 வரை ஜூலிய நாட்காட்டியையும் பின்பற்றினர். இரண்டுக்கும் அப்போது 11 நாள் வேறுபாடு. அப்படிக் கணக்கிட்டாலும் ஒரு நாள் இடிக்கிறது என்பதைக் கணக்கில் நாட்டமுள்ளவர்கள் கண்டுகொள்வார்கள். என் வாதத்துக்கு அந்த ஒரு நாள் தடையில்லை.

இப்போது இந்தப் பதிவின் மையத்துக்கு வருகிறேன். 1741 செப்டம்பரில் நின்று பாருங்கள். குளச்சல் விழுந்துவிட்டது. ஆனால் கொச்சி டச்சுக்காரருடையது. கொல்லம் கோட்டை டச்சுக்காரருடையது. காயங்குளம் அரசர் அவர்களுடைய நண்பர். கடலில் அவர்களை எதிர்க்கத் திருவிதாங்கூரிடம் ஒரு கப்பற்படை இல்லை. சில மாதங்களிலேயே திருவிதாங்கூர் படை கொல்லம் கோட்டையைத் தாக்கியது. டச்சுக்காரரும் காயங்குளத்தாரும் சேர்ந்து எதிர்த்து நிற்கவே, பிடிக்க முடியாமல் பின்வாங்கியது. அந்த உற்சாகத்தில் கூட்டுப்படை தெற்கே நகர்ந்து கிளிமானூரில் நிலைகொண்டது. அங்கே நீண்ட முற்றுகைக்குப் பின்பே திருவிதாங்கூரின் கை மீண்டும் ஓங்கியது. ஆக, “ஒரே நாளில் டச்சு ஆதிக்கம் முடிந்தது” என்று இன்று சொல்லும் வாக்கியத்தை, 1742-இன் தொடக்கத்தில் கொல்லம் கோட்டையை விட்டுத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு திருவிதாங்கூர் வீரரிடம் சொல்லியிருந்தால், அவர் நம்மை விசித்திரமாகப் பார்த்திருப்பார்.

அந்தக் காலத்தில் யார் நிலைமையை ஓரளவு சரியாகக் கணித்தார்கள்? அஞ்சுதெங்கில் இருந்த ஆங்கிலேய வணிகர்கள் என்று நான் கருதுகிறேன். அவர்களுக்கு 1723 முதலே வேணாட்டோடு உடன்படிக்கை இருந்தது. திருவிதாங்கூரிடம் மிளகு வாங்கினர், துப்பாக்கி விற்றனர். எந்தக் கோட்டை யாரிடம் என்பதைவிட, எந்தத் துறைக்கு எத்தனை கண்டி மிளகு வருகிறது என்பதே அவர்களுடைய அன்றாடக் கவலை. இது அறிவுக்கூர்மையால் வந்த தெளிவன்று, வணிகத்தால் வந்தது. ஆனால் போரின் குறிக்கோள் எதுவோ அதையே அளவுகோலாகக் கொண்டால் கணிப்புப் பிழைப்பது அரிது. இந்தப் போர் கோட்டைக்காக நடக்கவில்லை, மிளகுக்காக நடந்தது. ஆகவே போர் எப்படிப் போகிறது என்பதை அறிய மிளகு எங்கே போகிறது என்று பார்க்கவேண்டும். அரசர் காட்டைப் பற்றிப் பேசியதாக வரும் கதையின் பொருளும் இதுவே. மிளகுக்கொடி கடற்கரையில் படர்வதில்லை. மலையடிவாரத்தில் படர்கிறது. மலையடிவாரம் யார் கையிலோ, அவர் கையில்தான் போர்.

1734 முதல் 1743 வரை மலபாரின் டச்சுத் தளபதியாக இருந்தவர் ஸ்டெய்ன் வான் கொலனெஸ். பதவி விலகும்போது, தமக்குப் பின் வருபவருக்காக 1743-இல் ஒரு நீண்ட குறிப்பேடு எழுதிவைத்தார். 1781-இல் அட்ரியான் மோன்ஸ் எழுதிய குறிப்பேட்டோடு சேர்த்து, கலெட்டி பதிப்பித்து மெட்ராஸ் அரசு 1911-இல் வெளியிட்டது. ஆய்வு மாணவர்கள் இந்த இரண்டையும் அடுத்தடுத்துப் படிக்கவேண்டும் என்பது என் வேண்டுகோள். கொலனெஸ் அரசு அரசாக, துறை துறையாக, யார் நண்பர் யார் பகை என்று எழுதிச் செல்கிறார். போருக்குள் இருந்துகொண்டு எழுதும் மனிதரின் எழுத்து அது. மோன்ஸோ முடிவு தெரிந்தபின் எழுதுகிறார். ஒரே போர் இரண்டு ஏடுகளிலும் இரண்டு வேறு போர்களாகத் தெரிகிறது. மோன்ஸின் தெளிவைக் கொலனெஸிடம் எதிர்பார்ப்பது நியாயமில்லை. ஆனால் நம்மில் பலர் மோன்ஸின் இடத்தில் அமர்ந்துகொண்டு கொலனெஸைப் பார்த்துச் சிரிக்கிறோம். பிறகு இன்றைய போரைப் பற்றிப் பேசும்போது கொலனெஸுக்குத் தெரிந்ததைவிடக் குறைவாகத் தெரிந்துகொண்டு மோன்ஸின் உறுதியோடு பேசுகிறோம்.

அளவுகோல் ஒன்று மட்டும் போதாது. இழந்ததை ஈடுசெய்ய எந்தத் தரப்பால் முடிகிறது என்பதையும் பார்க்கவேண்டும். குளச்சலில் டச்சுக்காரர் இழந்த ஆட்களின் எண்ணிக்கை, கம்பெனியின் மொத்தப் படையோடு ஒப்பிட்டால் பெரிதன்று. ஆனால் ஜாவாவில் போர் நடந்துகொண்டிருந்ததால் அந்தச் சிறிய இழப்பையும் அவர்களால் நிரப்ப முடியவில்லை. கொச்சியிலிருந்து எழுதிய கடிதம் பத்தாவியா போய் விடை திரும்ப மாதக்கணக்கில் ஆகும். விடை வரும்போது கேள்வி பழசாகியிருக்கும். திருவிதாங்கூரின் நிலையோ நேர்மாறு. கைதிகளாகப் பிடிபட்டவர்களையே அது பயிற்சியாளர்களாக மாற்றியது. டி லனாய் அரசரின் பணியில் சேர்ந்தார். உதயகிரிக் கோட்டை அவர் மேற்பார்வையில் கருங்கல்லால் புதுப்பிக்கப்பட்டது. அங்கே பீரங்கி வார்ப்பும் நடந்தது. 1777-இல் இறக்கும் வரை அவர் திருவிதாங்கூர்ப் படையிலேயே இருந்தார். உதயகிரியில் உள்ள அவர் கல்லறையில் இலத்தீன் மொழியோடு தமிழிலும் கல்வெட்டு பொறிக்கப்பட்டிருப்பதைத் தமிழ் மாணவர்கள் ஒருமுறையேனும் போய்ப் பார்க்கவேண்டும். குளச்சலில் திருவிதாங்கூருக்குக் கிடைத்த உண்மையான கொள்ளைப்பொருள் இது என்பேன். ஆனால் அதன் மதிப்பு 1741-இல் யாருக்கும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை; சில ஆண்டுகள் கழித்தே தெரியும்.

தளவாய் இராமய்யனின் பங்கும் அத்தகையது. திருநெல்வேலிச் சீமையின் தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் பிறந்து 1737-இல் தளவாயானவர் அவர். படைத்தலைவராகவே அவரைப் பற்றி அதிகம் பேசுகிறோம். ஆனால் 1740-களில் மிளகு வணிகம் முழுவதும் அரசின் தனியுரிமை ஆக்கப்பட்டதிலும், அதற்கென ஒரு துறை அமைக்கப்பட்டதிலும் அவருடைய கை இருந்தது. போர்க்களத்தில் நடந்த எந்தச் சண்டையைவிடவும் இந்த நிர்வாக ஏற்பாடே டச்சுக்காரரை முறித்தது என்பது என் துணிபு. அதுவரை கம்பெனி பல விற்பனையாளர்களிடையே ஒரே வாங்குநராக நிற்க முயன்றது. இப்போது அது பல வாங்குநர்களில் ஒன்று, விற்பவர் ஒருவர். ஆட்டம் தலைகீழானது.

சிற்றரசுகள் ஒவ்வொன்றாக விழுந்த வரிசையையும் இதே கோணத்தில் பார்க்கலாம். 1742-இல் மான்னார் உடன்படிக்கையில் காயங்குளம் அரசர் தம் நாட்டில் பாதியை விட்டுக்கொடுத்து, ஆண்டுக்கு ஆயிரம் ரூபாயும் ஒரு யானையும் திறையாகத் தர ஒப்பினார். அதை அவர் காக்கவில்லை. 1746-இல் நாடே போயிற்று. அதே ஆண்டில் அம்பலப்புழை. பின்னர் தெக்கும்கூர், வடக்கும்கூர். இளயிடத்து அரசியின் கதை இன்னும் துயரமானது. டச்சுக்காரரின் துணையால் 1741-இல் அரியணை ஏறினார். அதே ஆண்டில் எல்லாவற்றையும் இழந்து கொச்சியில் டச்சுக்காரர் தரும் படியில் வாழ நேர்ந்தது. இவர்கள் அனைவரும் அறிவற்றவர்கள் அல்லர். கொச்சியிலும் கொல்லத்திலும் உயர்ந்து நின்ற கல்கோட்டைகளைப் பார்த்தார்கள். அவற்றை எழுப்பியவர்கள் தங்களைக் கைவிடமாட்டார்கள் என்று நம்பினார்கள். பெரிய நட்பு நாட்டின் கோட்டையைப் பார்த்தவர்கள், அதன் கணக்குப் புத்தகத்தைப் பார்க்கவில்லை.

அந்தக் கணக்குப் புத்தகம் 1753-இல் திறந்து காட்டப்பட்டது. மாவேலிக்கரை உடன்படிக்கையின் விதிகளைப் படித்தால் போர் யாருடையது என்பது விளங்கும். திருவிதாங்கூர் தாக்க நினைக்கும் எந்த மலபார் அரசரோடும் கம்பெனி செய்திருக்கும் ஒப்பந்தங்களிலிருந்து அது விலகிக்கொள்ளும்; அவர்களுக்கு உதவவோ அடைக்கலம் தரவோ கூடாது. ஆண்டுதோறும் 12,000 ரூபாய் மதிப்புள்ள படைக்கலங்களைத் திருவிதாங்கூருக்கு விற்கவேண்டும். பதிலுக்குத் திருவிதாங்கூர், தன் கையில் உள்ள நாடுகளிலிருந்து 3,000 கண்டி மிளகைக் கண்டிக்கு 65 ரூபாய் வீதமும், இனி வெல்லப்போகும் நாடுகளிலிருந்து 2,000 கண்டியைக் கண்டிக்கு 55 ரூபாய் வீதமும் தரும். ஒரு கண்டி ஏறத்தாழ கால் டன்.

அந்த இரண்டாவது விலையில் சற்று நில்லுங்கள். இன்னும் வெல்லாத நாட்டின் மிளகுக்கு விலை பேசப்பட்டிருக்கிறது. அந்த நாட்டின் அரசர் அன்று தம் அரண்மனையில் இருந்தார். தம் நண்பரான கம்பெனியை நம்பிக்கொண்டும் இருந்திருக்கலாம். கம்பெனியோ அவருடைய வீழ்ச்சிக்குப் பத்து ரூபாய் தள்ளுபடி பெற்றுக் கையெழுத்திட்டுவிட்டது. மலபார் சிற்றரசுகளின் முடிவைப் பற்றி நான் படித்தவற்றுள் இந்த விதியைப் போல் உறைய வைத்தது வேறில்லை.

இப்போது வரைபடத்தை எடுத்துப் பார்ப்போம். 1753 ஆகஸ்ட் 15 அன்று கொச்சிக் கோட்டையில் டச்சுக் கொடி பறந்தது. கொல்லத்திலும் பறந்தது. 1739-இல் எங்கெல்லாம் பறந்ததோ, பெரும்பாலும் அங்கெல்லாம் பறந்தது. கொடுங்ஙல்லூர், பள்ளிப்புறம் கோட்டைகளை அவர்கள் 1789-இல் திருவிதாங்கூருக்கு விலைக்கே விற்றார்கள். கொச்சியையும் கொல்லத்தையும் 1795-இல் ஆங்கிலேயரிடம்தான் இழந்தார்கள். நிறம் நகர்வதை மட்டும் பார்ப்பவர், டச்சுக்காரரைப் பொறுத்தவரை இந்தப் போர் வெற்றி தோல்வியின்றி முடிந்தது என்றே எழுதியிருப்பார். கோட்டைகள் நின்றன. கோட்டைகளுக்குக் காரணமான வணிகம் வேறொருவர் விருப்பத்துக்கு உட்பட்டதாகிவிட்டது.

வெற்றியைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும், ஏனெனில் நினைவுப் பதிவுகள் இதைச் சொல்வதே இல்லை. அரசின் தனியுரிமை என்றால் மிளகு விளைவித்த குடியானவர் ஒரே ஒருவருக்குத்தான் விற்கலாம், அவர் சொன்ன விலைக்குத்தான் விற்கலாம். முன்பு டச்சுக்காரர் விதிக்க முயன்று, கள்ள வணிகத்தால் ஓட்டையாகிப்போன கட்டுப்பாட்டை, உள்ளூர் அரசு ஓட்டையில்லாமல் செய்துகாட்டியது. படையும் கோட்டையும் பீரங்கி வார்ப்பும் அந்த விலை வேறுபாட்டில் நடந்தன. போரில் யார் வென்றார் என்று கேட்கும்போது, திருவிதாங்கூர் வென்றது என்கிறோம். சரிதான். மிளகுக்கொடியின் அடியில் நின்றவர் வென்றாரா என்பது தனிக் கேள்வி. அரசவரலாறுகளில் அவருக்கு இடமில்லாததால் அக்கேள்வி எழுவதில்லை.

இடம் பற்றியும் ஒரு சொல். 1956 நவம்பர் 1 அன்று கல்குளம், விளவங்கோடு, தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய நான்கு வட்டங்கள் தமிழ்நாட்டோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. ஆகவே போர் நடந்த குளச்சலும் உதயகிரியும் ஒரு மாநிலத்தில். படை நடந்து வந்த சாலையின் வடபாதி இன்னொரு மாநிலத்தில். பத்மநாபபுரம் அரண்மனை தமிழ்நாட்டு மண்ணில் நின்றுகொண்டு கேரள அரசின் பராமரிப்பில் இருக்கிறது. ஆவணங்களும் அப்படியே சிதறிக் கிடக்கின்றன: மதிலகம் ஓலைகள் திருவனந்தபுரத்தில், கொச்சி டச்சு ஆவணங்கள் சென்னை ஆவணக் காப்பகத்தில், கம்பெனியின் மேலிடக் கடிதங்கள் தி ஹேக்கில். மலையாளத்தில் எழுதுபவர் சென்னைக்கு வருவது குறைவு. தமிழில் எழுதுபவர் ஓலைகளைத் தொடுவது குறைவு. பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் இடையே வாழும் எங்களைப் போன்ற இருமொழி மாணவர்கள் இந்த வேலைக்கு ஏற்றவர்கள் என்று பலமுறை சொல்லிவிட்டேன். இன்னும் யாரும் காது கொடுக்கவில்லை.

எனக்கு உடனடியாக வேண்டியது ஒன்றுண்டு. 1741-இல் படை தெற்கே சென்ற வாரங்களில் நெய்யாற்றின்கரைப் பகுதியின் கோயில் பண்டாரங்களிலிருந்தும் குடிகளிடமிருந்தும் எவ்வளவு நெல் பெறப்பட்டது, அது கடனா, வரியா, திருப்பித் தரப்பட்டதா? கொல்லம் ஆண்டு 916, 917-க்குரிய நெல்வரவு ஓலைகளை யாரேனும் பார்த்திருந்தால், அல்லது பார்க்க வாய்ப்புள்ள நண்பர்கள் இருந்தால், பின்னூட்டத்தில் ஓலைக்கட்டின் எண்ணை மட்டும் குறிப்பிடுங்கள். மற்றதை நானே போய்ப் படித்துக்கொள்கிறேன்.